அறக்கட்டளைக்கு முன்னால் அந்த அறையைத் திறந்துவிடுங்கள்

பின்னலாடை உற்பத்தியாளர் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த உங்கள் சமூக மேம்பாட்டு அறக்கட்டளையின் தொடக்க விழாவுக்கு நானும் வந்திருந்தேன். கம்பெனி வேனில் கூட்டிவந்து எங்களைப் பின்வரிசைகளில் உட்கார வைத்தார்கள். மேடையில் பேசியதை முழுக்கக் கேட்டேன். முதலாளிகள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்குவது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அன்றைக்கு நீங்கள் அறிவித்த முதல் திட்டம், படிப்பைப் பாதியில் விட்ட பெண் பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது. அரங்கமே கை தட்டியது. என் பக்கத்தில் இருந்த தோழி தட்டவில்லை. அவளுடைய மூத்த மகள் நாலாம் வகுப்போடு நின்றுபோனவள். ஏன் நின்றாள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

தோழி பவர் டேபிள் டெய்லர். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். எங்கள் கம்பெனியில் பெண்கள் மட்டும் இருநூறு பேருக்கு மேல். வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு அறை, கதவில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே கூரை வரைக்கும் துணி ரோல்களும் அட்டைப்பெட்டிகளும்தான். எங்கள் துணியை வாங்கும் பையரிடமிருந்து ஆடிட், அதாவது சோதனை, வருகிறது என்று தெரிந்தால் முந்தின ராத்திரியே ரோல்கள் வெளியே போகும். பாய் விரிப்பார்கள். கட்டிவைத்த மூட்டையிலிருந்து பொம்மைகள் வரும். ஹெல்பர் பெண் ஒருத்தி ஆயாவாக நிற்பாள். ஒரு தடவை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு குழந்தைகளையே தூக்கிவந்து உட்கார வைத்தார்கள். ஆடிட்டர் போன மறுநாள் ரோல்கள் பழையபடி உள்ளே. போன வருடம் மூன்று முறை இது நடந்தது. என் செக்கிங் டேபிளிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு நேராகத் தெரியும், அதனால்தான் எண்ணிக்கை சொல்கிறேன்.

கைக்குழந்தையை அவள் எங்கே விடுவாள்? மாமியார் இல்லை, அம்மா வீடு தூரம். புருஷன் அயர்னிங்கில், அவருக்கும் அதே ஷிப்ட். ஒன்பது வயது மூத்தவளிடம்தான் விட்டாள். ஒரு வாரத்துக்கு என்றுதான் விட்டாள். வாரம் மாதமானது. டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார், அப்புறம் அவரும் வரவில்லை. இப்போது அந்தப் பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே துணி அலசுகிறது. ஒன்பதாம் வாய்ப்பாடு மறந்துபோச்சு அத்தை என்று போன மாதம் என்னிடம் சொன்னது. உங்கள் அறக்கட்டளை தேடப்போகும் இடைநின்ற பெண் பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. அவளை நிறுத்தியது அந்தப் பூட்டிய கதவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்களே நிறைந்த குழுவுக்கு எழுதச் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் பதினொரு மணிக்கெல்லாம் அவளுக்குப் பால் கட்டிக்கொள்ளும். வேஸ்ட் துணியை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தைப்பாள். வலி தாங்காமல் பாத்ரூமுக்குப் போய்ப் பிழிந்து ஊற்றிவிட்டு வருவாள். அந்த ஐந்து நிமிடத்தில் லைன் தேங்கினால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவார். பால் இங்கே சாக்கடையில் போகிறது, பிள்ளை அங்கே புட்டியைச் சப்புகிறது. காப்பகம் என்று எழுதிய கதவு அவள் மெஷினிலிருந்து இருபது அடி. அதைத் திறந்துவிடச் சொல்லித்தான் கேட்கிறோம்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில், அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேர் வேலை பார்த்தாலே காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும் என்று சேர்த்தார்கள். 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த நான்கு முறை இருக்கிறது. நான்கு முறை போய்ப் பார்க்க ஒரு இடம் வேண்டுமே ஐயா.

விழா முடிந்து நீங்கள் படியிறங்கும்போது இதைச் செயலாளர் ஐயாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, நின்று பொறுமையாகவே பதில் சொன்னார். “அறக்கட்டளைப் பணத்தை நம்ம தொழிலாளர்களுக்கே செலவு பண்ண விதி இடம் கொடுக்காதும்மா” என்றார். வீட்டுக்கு வந்து மகனை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, அதில் வரும் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியர்களுக்குச் செய்வது அந்தக் கணக்கில் சேராது. தொழிலாளிக்குச் சேர வேண்டியதைச் சேவை என்று எழுதிவிடக் கூடாது, அதற்குத்தான் அந்த விதி என்று நான் புரிந்துகொள்கிறேன். சரி, அறக்கட்டளைப் பணம் எங்களுக்கு வேண்டாம். காப்பகம் கம்பெனிச் செலவு. கம்பெனிச் செலவிலேயே திறந்துவிடுங்கள்.

விழா மலரின் முதல் பக்கத்தில் ஜாம்ஷெட்ஜி டாடாவின் படம் இருந்தது. அவர் நாக்பூரில் எம்பிரஸ் ஆலையைத் தொடங்கியது 1877இல். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதி வந்தது 1886இல். மாணவர்களின் மேல்படிப்புக்கு அவர் நிதி ஏற்படுத்தியது 1892இல். இந்த வரிசையைப் பாருங்கள். தன் ஆலையில் உழைத்தவர்களை முதலில் பார்த்துவிட்டு அப்புறம்தான் அவர் வெளியே கொடுக்கப் போனார். அவர் படத்தைப் போட்டிருக்கிறீர்கள், அந்த வரிசையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழில் நிலவரம் எனக்கும் தெரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது எங்களுக்கும் ஷிப்ட் குறைந்தது, வாரத்தில் மூன்று நாள் வேலை பார்த்த வீடுகள் உண்டு. ஆனால் ஆர்டர் குவிந்து கிடந்த காலத்திலும் அந்த அறை பூட்டித்தான் இருந்தது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று தைக்கிறவர்களுக்குப் பிஎஃப் கிடையாது என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்துவிட்டு கார்டு தராமல் இழுத்தடித்ததில், ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியவர்கள் எங்கள் லைனிலேயே மூன்று பேர். உங்கள் அறங்காவலர்கள் பதினொரு பேரில் ஒரு தொழிலாளிகூட இல்லை. சமூகம் என்று நீங்கள் சொல்லும்போது அதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது ஒன்றுதான். உறுப்பினர் கம்பெனிகள் ஒவ்வொன்றிலும் காப்பகத்தைத் திறந்து, ஆடிட் இல்லாத நாளிலும் நடத்த வேண்டும். ஒரு ஆயா வேண்டும், பால் கொடுக்க ஒரு மறைவு வேண்டும், நான்கு முறை போய்வரும்போது பீஸ் கணக்கில் கை வைக்கக் கூடாது. தனியாக நடத்த முடியாத சின்ன யூனிட்டுகள் உங்களிடம் நிறைய என்பது தெரியும். பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாகக் காப்பகம் வைத்துக்கொள்ளலாம் என்று 2020இன் தொகுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படிச் சேர்த்துவைப்பதைச் சங்கத்தைவிட யார் நன்றாகச் செய்துவிட முடியும்? அறக்கட்டளைக்காக ஒரே மாலையில் இத்தனை முதலாளிகளை ஒரு மேடையில் உட்கார வைத்தீர்களே.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த மடலைப் படித்து, என்ன முடிவெடுத்தீர்கள் என்று ஒவ்வொரு கம்பெனியின் அறிவிப்புப் பலகையிலும் தேதியோடு ஒட்டுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஜூனில் பள்ளி திறக்கிறது. தோழியின் மகளுக்கு ஒன்பதாம் வாய்ப்பாட்டை நான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதற்குள் அந்த ரோல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
செக்கிங் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் ஒரு தொழிலாளி