குழுவிலிருந்து விலகிய பாடகர் வீணாய்ப் போனவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க றப்-றொக் குழுவான 'றேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' குழுவின் பாடகர் ஸாக் டி லா றொச்சாவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழின் இசைப் பகுதியில் வெளியான கட்டுரையை வாசித்தேன். குழுவை விட்டு வெளியேறிய பின்னர் தன் பெயரில் ஓர் அல்பத்தையேனும் அவர் வெளியிடவில்லை, ஆகவே அவருடைய தனிப் பயணம் தோல்வியில் முடிந்தது என்று கட்டுரையாளர் தீர்ப்புக் கூறியிருக்கிறார். அல்பம் வெளிவரவில்லை என்பது உண்மைதான். தோல்வி என்ற தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் 2000 ஒக்டோபரில் விலகியபோது, குழுவுக்குள் முடிவெடுக்கும் முறையே முற்றாகச் சீர்குலைந்துவிட்டது என்றும், அது தங்கள் கலைக்கும் அரசியல் இலட்சியத்துக்கும் ஊறு செய்துவிட்டது என்றும் வெளிப்படையாக அறிக்கை விட்டார். மற்ற மூவரும் பாடகர் கிறிஸ் கோர்னலுடன் சேர்ந்து 'ஓடியோஸ்லேவ்' என்ற குழுவை அமைத்து, 2002 முதல் 2006 வரை மூன்று அல்பங்களை வெளியிட்டார்கள். கட்டுரையாளர் இந்த மூன்றையும் ஒரு தட்டிலும் டி லா றொச்சாவின் வெறுங்கையை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கிறார். ஆனால் அந்தக் கை வெறுங்கை அல்ல.

ஈராக் மீது படையெடுப்புத் தொடங்கிய 2003 மார்ச் மாதத்திலேயே, இசைத் தயாரிப்பாளர் டீஜே ஷடோவுடன் இணைந்து உருவாக்கிய போர் எதிர்ப்புப் பாடலை அவர் எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வெளியிட்டார். எங்கள் ஊரான மட்டக்களப்பில் அது போர்நிறுத்த உடன்படிக்கைக் காலம். திருமலை வீதியில் இருந்த ஓர் இன்ரநெற் கபேயில், தொலைபேசி இணைப்பு அறுந்து அறுந்து வர, அந்த ஒரே பாடலுக்காக நானும் நண்பர்களும் காத்திருந்தோம். போரின் நடுவே வளர்ந்த எங்களுக்கு, தூரத்து நாடொன்றின் மீது குண்டு விழுவதைத் தன் நாட்டுக்கு உள்ளிருந்தே ஒருவர் கண்டித்துப் பாடுவது எவ்வளவு பெரிய காரியமாகத் தெரிந்தது என்பதை இன்றைய இளையோருக்கு விளக்குவது கடினம். றொக் இசைக் கலைஞர் ட்ரென்ட் றெஸ்னரோடு அவர் செய்த பாடலொன்று 2004இல் ஒரு தொகுப்பில் வந்தது. 2014இல் 'றன் த ஜுவல்ஸ்' என்ற றப் இரட்டையரின் அல்பத்தில் அவர் பாடிய பகுதியைக் கேட்டவர்கள், குரலிலும் சொல்வெட்டிலும் வேகம் குறைந்துவிட்டது என்று சொல்லவே மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் விட, கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோன 'வன் டே அஸ் எ லயன்' என்ற முயற்சிதான் நின்று நிதானித்துப் பார்க்கத்தக்கது என்று நினைக்கிறேன். 'மார்ஸ் வோல்ட்டா' குழுவில் முன்னர் வாசித்த ஜோன் தியோடர் டிரம்ஸ் அடிக்க, டி லா றொச்சா பாடிக்கொண்டே தானே கீபோட் வாசித்தார். 2008 ஜூலையில் வந்த அந்தச் சிறு தொகுப்பில் ஐந்து பாடல்கள்தான். அதில் கிற்றார் இல்லை. பழைய குழுவின் கிற்றார் கலைஞர் டொம் மொரேல்லோவின் கிற்றாரோடு பின்னிப் பிணைந்து உலகறிந்த ஒரு குரல், அந்தக் கிற்றாரே இல்லாத வெளியில் நின்று பார்க்கத் துணிந்திருக்கிறது. கீபோட்டின் ஒலியை அவர் கரகரக்கும்படி சிதைத்து, கனத்த ரீங்காரமாக்கி, கிற்றார் நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார். டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் வசனத்தின் அசையோடு மோதி விழுகிறது. பழைய புகழை வைத்துப் பிழைக்க நினைத்திருந்தால் இப்படி ஒரு தொகுப்பைச் செய்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

அவர்மீது எனக்கும் மனக்குறை உண்டு. றெஸ்னர், டீஜே ஷடோ போன்றோருடன் சேர்ந்து உருவாக்கியவற்றில் பெரும்பகுதி இன்றுவரை வெளிவரவில்லை. 'றன் த ஜுவல்ஸ்' இரட்டையரில் ஒருவரான எல்-பீயின் தயாரிப்பில் 2016இல் ஒரு பாடல் வந்தபோது, அல்பம் அடுத்த ஆண்டு வரும் என்று காத்திருந்த இரசிகர்கள் ஏமாந்துபோனார்கள். அந்த ஏமாற்றம் நியாயமானதே. ஆனால் வெளிவராதவற்றுக்காக வெளிவந்தவற்றையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று: 'இருபத்திரண்டு ஆண்டு மௌனம்' என்று கட்டுரை கூறுவது பிழை. 2007இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் அவர் பழைய குழுவோடு மீண்டும் மேடையேறி, அதன் பின் சில ஆண்டுகள் பல நாடுகளில் பாடினார். 2022 ஜூலையில் சிக்காகோ மேடையில் காலில் காயம் பட்ட பின்னரும், எஞ்சிய வட அமெரிக்க நிகழ்ச்சிகளை அமர்ந்தபடியே பாடி முடித்தார்.

ஒரு வெளிநாட்டுப் பாடகருக்காக இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், இதே தராசு எங்கள் ஊரிலும் தூக்கப்படுவதுதான். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் கோயில் திருவிழா மேடைகளில் பாடும் இசைக்குழுவொன்றில் இருந்தார். சினிமாப் பாடல்களுக்கு இடையே தான் எழுதிய றப் எனும் சொல்லிசையைப் பாட அனுமதி கிடைக்காததால் விலகினார். இன்று கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள நண்பர்களின் பாடல்களுக்கு எழுதிப் பாடிக் கொடுக்கிறார். கரைவலைத் தொழிலாளரைப் பற்றி வாவிக்கரைப் பேச்சுவழக்கிலேயே அவர் எழுதிய பதினாறு வரியை நான் பலருக்குக் கேட்கக் கொடுத்திருக்கிறேன். ஊரிலோ, "குழுவை விட்டுப்போட்டு வீணாய்ப் போயிற்றான்" என்கிறார்கள். கூத்துக் கலைஞர் ஒருவரை, எந்தக் களரியில், எந்த அண்ணாவியாரிடம் (கூத்து ஆசானிடம்) பழகி, என்ன வேடம் கட்டினார் என்று தலைமுறைகள் கடந்தும் சொல்லத் தெரிந்த ஊர் இது. அந்த நினைவாற்றலைச் சொல்லிசைக் கலைஞர்களுக்கும் கொடுக்கலாம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, கிழக்கு மாகாணத்தின் சொல்லிசைக் கலைஞர்களைப் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அப்போது ஒவ்வொருவரின் பெயருக்கும் கீழே, அவர் சொந்தமாக வெளியிட்டவற்றோடு, பிறர் பாடல்களில் அவர் எழுதிய, பாடிய பகுதிகளையும் ஆண்டுடன் பட்டியலிடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலைத் திரட்டித் தர நானும் நண்பர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.