‘சென்னை’ என்றால் எந்தச் சென்னை? சரக்கு மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சரக்குப் போக்குவரத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

தம்பு செட்டித் தெருவின் கிளியரிங் ஆபீஸ்களிலும், திருவொற்றியூர், மணலிப் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளிலும் உங்கள் டூல்களை ஏஐ ஏஜென்ட்டுகளோடு (டூல்களைத் தானே அழைத்து வேலையை முடிக்கும் ஏஐ) இணைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. உங்கள் ஏபிஐ, அதாவது மற்ற மென்பொருள்கள் உங்கள் டூலை அழைக்கும் வழி, நன்றாகவே ஓடுகிறது. அதற்கு எழுதி வைத்திருக்கும் விளக்கம்தான் காலை வாருகிறது.

இத்தனை நாள் அந்த விளக்கத்தின் ஓட்டைகளை ஆள்கள் அடைத்து வந்தார்கள். எந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாத பையன், பக்கத்து மேஜையில் “அண்ணே, இதுல என்ன அடிக்கணும்?” என்று கேட்டுவிடுவான். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது; பொருத்தமாகத் தோன்றுவதைப் போட்டு அனுப்பிவிடும். அதன் கண்ணில் படுவதும் கொஞ்சம்தான். எம்சிபி (ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாகக் கொடுத்தால் டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (எந்தக் கட்டத்தில் என்ன வகைத் தகவல் வரும் என்ற வரையறை), பெரும்பாலும் அவ்வளவே. ஸ்கிரீன்ஷாட் நிறைந்த உங்கள் பிடிஎஃப் கையேடு அதன் பக்கமே வராது.

‘துறைமுகம்: எழுத்து’ என்று மட்டும் ஸ்கீமாவில் இருக்கிறது. ஏஜென்ட் ‘சென்னை’ என்று போடும். சுங்கக் குறியீட்டில் ஐஎன்எம்ஏஏ1 என்றால் கடல் துறைமுகம். கடைசி எண் 4 ஆனால் விமானச் சரக்கு. எண்ணூருக்கு வேறு, காட்டுப்பள்ளிக்கு வேறு. (ஊர் பெயர் மாறியும் குறியீட்டின் ‘எம்ஏஏ’ இன்னும் மெட்ராஸ்தான்.) ஏற்கும் குறியீடுகளை ஸ்கீமாவிலேயே பட்டியலாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் எது என்று ஒரு வரி எழுதுங்கள். வேறெதையும் சர்வர் ஏற்கக் கூடாது.

‘எண்’ என்று ஒரு கட்டம். கண்டெய்னர் எண்ணா, ஷிப்பிங் பில் எண்ணா, சீல் எண்ணா? பெயரையே ‘கண்டெய்னர்_எண்’ என்று மாற்றி, வடிவத்தையும் சொல்லுங்கள்: 4 எழுத்து, 6 இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், மொத்தம் 11, நடுவில் இடைவெளியோ கோடோ வேண்டாம். சிஎஸ்க்யூயூ3054383 போல ஒரு மாதிரியும் வேண்டும். கடைசி 3 மற்ற பத்திலிருந்து கணக்கிட்டு வருவது. அதைச் சர்வரே சரிபார்த்தால், இரண்டு இலக்கம் இடம் மாறிய எண்கள் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

எடை கிலோவா, டன்னா? டன் கணக்கில் 24.5 என்று வந்ததைக் கிலோவாக எடுத்துக்கொண்ட டூல் வாயைத் திறக்காது. ‘எடை_கிலோ’ என்று பெயரிலேயே வையுங்கள். நேரமும் அப்படித்தான். காலை 4 மணி ஸ்லாட் (வண்டி உள்ளே வர ஒதுக்கும் நேரம்) என்று ஏஜென்ட் அனுப்ப, சர்வர் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டால் ஸ்லாட் நம் நேரப்படி 9:30க்குப் போய்விடும். நேர வித்தியாசத்தைச் சேர்த்து, +05:30 என்று, அனுப்புவதைக் கட்டாயமாக்குங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை, திரும்ப அழைப்பது. ஸ்லாட் போடும் டூல் டைம் அவுட் ஆனால் ஏஜென்ட் மறுபடி அழைக்கும். முதல் அழைப்பு உள்ளே பதிவாகியிருந்தால் ஒரு டிரெய்லருக்கு இரண்டு ஸ்லாட். இரண்டு முறை அழைத்தால் என்ன ஆகும் என்பது எந்த விளக்கத்திலும் காணோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் வாங்குங்கள். அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் போடாமல் பழைய பதிவையே திருப்பிக் கொடுங்கள். இதை விளக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள் எழுதுங்கள். ரத்து செய்யும் டூலுக்கு எம்சிபியில் ‘அழிக்கும்’ என்ற குறிப்பை வைக்கலாம். ஆனால் அது குறிப்பு மட்டுமே, பூட்டு இல்லை. உறுதி கேட்கும் படியைச் சர்வரில்தான் கட்ட வேண்டும்.

எரர் செய்தியும் விளக்கத்தில் ஒரு பகுதிதான். ‘தவறான உள்ளீடு’ என்றால் ஏஜென்ட் வேறொன்றை ஊகித்துத் திரும்ப வரும். எந்தக் கட்டம், என்ன வந்தது, என்ன வர வேண்டும், அடுத்து எந்த டூலை அழைப்பது என்று நான்கையும் சொல்லுங்கள். வெற்றுப் பட்டியல் இன்னும் மோசம்: கண்டெய்னர் வரவில்லையா, வந்தும் பதிவாகவில்லையா, பார்க்க அனுமதி இல்லையா? மூன்றுக்கும் மூன்று பதில் வேண்டும்.

ஒத்த டூல்கள் இரண்டு இருந்தால், எதை எப்போது அழைக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். முழு யார்டு பட்டியலையும் ஒரே பதிலில் கொட்டாமல் பக்கம் பிரியுங்கள்.

எழுதியதைச் சோதிக்க: உங்கள் டூலைப் பார்த்தேயிராத ஏஜென்ட்டுக்கு விளக்கத்தை மட்டும் கொடுத்து, நிஜ ஆபீஸில் வரும் 20 வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். அழைப்பு லாகைப் படியுங்கள். ஏஜென்ட் தவறிய இடத்தில் பிராம்ப்ட்டை (அதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையை) திருத்தாமல் விளக்கத்தைத் திருத்துங்கள்; ஏனென்றால் பிராம்ப்ட் அந்த ஒரு ஆபீஸோடு போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது, தெரியும். ஸ்லாட் போடுவது, ரத்து செய்வது, இந்த இரண்டு டூல்களிலிருந்து தொடங்குங்கள். மற்றவை தவறினால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். இவை தவறினால் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு டிரைவர் சாப்பாடில்லாமல் வரிசையில் நிற்பார்.

இப்படிக்கு,
வட சென்னையில் உங்கள் டூல்களை இணைத்துக் கொடுப்பவர்கள்