எஞ்சினைப் பிரிக்க விடாதே

காட்பாடி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. நாள் முழுக்கத் தூங்குகிறாள். மற்ற கதைகள் பிறகு. உன் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டினால் கடகடவென்று சத்தம் வருகிறது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக் என்று எழுதியிருந்தாய். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை பிரிக்க விடாதே. கோடையில் என் வண்டிக்கும் இதே தீர்ப்புத்தான் சொன்னார்கள். ஓட்டிக்கூடப் பார்க்காமல், நின்றிருந்த வண்டியை வைத்தே சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஓடும்போது வருகிற சத்தத்தை ஓட்டிப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைத் திருகிப் பார். அப்போதே சத்தம் வந்தால் எஞ்சின் பக்கம்தான் கோளாறு. கிளட்ச் லீவரைப் பிடித்ததும் அது அடங்கினால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகப்படு. நிற்கும்போது சத்தமே இல்லையென்றால் ஆளில்லாத நேரான சாலைக்குப் போ. சத்தம் வருகிற வேகத்தில் கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக உருள விடு. எஞ்சின் மெதுவான பிறகும் சத்தம் தொடர்ந்து, சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து குறைந்தால், எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலும் செயின், அது மாட்டி ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், சக்கர பேரிங் இவற்றில் ஒன்றுதான். பள்ளிகொண்டா போகும் வழியில் நான் கண்டது இதைத்தான். எஞ்சின் அடங்கியும் கடகடப்பு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சுற்ற விடுகிறார்கள் சிலர். அதை மட்டும் செய்யாதே, விரலே போய்விடும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் தூக்கிப் பார்த்தால், ஓர் இடத்தில் ஒன்றரை அங்குலம் தொங்குகிறது. சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினால் அரை அங்குலம்கூட இல்லை. இப்படி ஒரே செயின் ஓர் இடத்தில் தளர்ந்தும் இன்னோர் இடத்தில் விறைத்தும் இருந்தால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் மான்செஸ்டரில் செய்த ரோலர் செயினின் அமைப்புத்தான் இன்றும் நம் வண்டியில் ஓடுகிறது. செயின் நீள்கிறது என்கிறோம், ஆனால் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் அதைச் சூழ்ந்த சிறு குழாயான புஷ்ஷும் தேய்கின்றன, அந்தத் தேய்மானம் சேர்ந்து நீளமாகிறது. எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி தேய்வதுமில்லை. 428 அளவுச் செயினில் 20 கண்ணி புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். இழுத்துப் பிடித்து அளந்து 259 வந்தால் மாற்றிவிடு. ஸ்ப்ராக்கெட் பல் அரிவாள் நுனிபோல ஒருபக்கம் வளைந்திருந்தால் அதோடு சேர்த்து இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

செயினைக் கழற்றிய கையோடு சக்கரத்தைச் சுழற்றிக் கேள். கரகரப்பு அப்போதும் இருந்தால் பேரிங். எனக்கு அது நன்றாகவே இருந்தது. ஆனால் பின் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கிப் போயிருந்தன. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை விட்டுத் திருகும் ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்று இடித்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த ரப்பர்களைப் பலர் பார்ப்பதேயில்லை. விலை குறைவு, ஆனால் இழுவையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அவைதான்.

செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த செட்டையும் ரப்பர்களையும் மாற்றினேன். வண்டி இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. எஞ்சினைத் தொடவே இல்லை.

நீ மாற்றினால், செயினை அளவுக்கு மீறி இறுக்கிவிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். ஆள் உட்காரும்போது அது இன்னும் இறுகும். ஊளைச் சத்தம் வரும், நாளடைவில் கியர்பாக்ஸ் பேரிங்கும் கெடும். பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். உன் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள். செயின் மிக இறுகி நிற்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். கண்ணிகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோலில் கழுவாதே, மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஓட்டிவந்த சூட்டில் 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கம் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடு. துடைக்காவிட்டால், எங்கள் ஊர்ப் புழுதியில் அந்த எண்ணெயே அரைத்துத் தின்னும் பசையாகிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே எழுது. கிளட்சைப் பிடித்ததும் சத்தம் நின்றதா, தொடர்ந்ததா என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடு. மீதியை அடுத்த கடிதத்தில் பேசிக்கொள்வோம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்