சாம்பிள் ரூம் மாஸ்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாஸ்டர்,

வணக்கம். ஃபிராங்க்பர்ட் கண்காட்சிக்குப் போன சாம்பிள் பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. வந்த மறுநாளே நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து, எந்த பையர் என்ன சொன்னார், எது ஆர்டராகும் என்று பேசினோம். உங்களை யாரும் கூப்பிடவில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் தைத்தது அங்கே என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல ஆளே இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஹெய்ம்டெக்ஸ்டில் என்கிற அந்தக் கண்காட்சி 1971-லிருந்து நடக்கிறது. வீட்டுத் துணித் தொழிலுக்கு வருடம் பிறப்பதே அங்கேதான். ஜனவரியில் நான்கே நாள். அந்த நான்கு நாளுக்காக அக்டோபரிலிருந்து உங்கள் மேஜையில் துணி குறைவதே இல்லை. டிசம்பர் கடைசியில் நாங்கள் படுத்தும் பாடு தனி. கலர் மாற்றுவோம், அளவு மாற்றுவோம், பெட்டி கட்டுகிற அன்று மாலை வந்து “இன்னும் ரெண்டு பீஸ் மாஸ்டர்” என்று நிற்போம். நீங்களும் தைத்துக் கொடுத்துவிடுவீர்கள்.

அந்த மயில்நீல குஷன் கவர் ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங் துணி வேறு லாட்டில் சாயம் போட்டது. ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றாக இருந்தது, தைக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் அதை டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுவந்து, “இங்க வந்தா பச்சை அடிக்குதுங்க, பாருங்க” என்றீர்கள். எனக்கு அவசரம். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால், பைப்பிங்கைப் பிரித்து, கவர் துணியிலேயே குறுக்காக கிராஸ் பீஸ் வெட்டி, ஆறு கவரையும் மறுபடி தைத்து வைத்திருந்தீர்கள். அன்று நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

கண்காட்சியில் ஒரு அம்மா வந்தார். பெரிய பையர். அந்தக் கவரை எடுத்துக்கொண்டு நேராக, விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குத்தான் போனார். முதலில் டி65, அதாவது பகல் வெளிச்சம். அப்புறம் டிஎல்84, கடைகளில் எரிகிற விளக்கு. இரண்டிலும் பைப்பிங்கும் உடம்பும் ஒரே நிறம். பழைய பைப்பிங்காக இருந்திருந்தால் இரண்டாவது விளக்கிலேயே மாட்டியிருப்போம். நான் வாயே திறக்கவில்லை.

அதோடு விடவில்லை. ஜிப்பைத் திறந்து, கவரை உள்பக்கமாகத் திருப்பி, ஓரம் பிரியாமல் அடித்த ஓவர்லாக் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். மறுபடி வெளியே திருப்பி, குஷனைப் போட்டு, நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகத் தடவினார். நீங்கள் மூலைக்கு வரும்போது தையலைக் கொஞ்சம் உள்ளே சரித்துக்கொண்டு போவீர்களே, அதனால்தான் ஒரு மூலைகூட நாய்க்காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. “இது யார் தைத்தது?” என்று கேட்டார். எங்கள் மாஸ்டர் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

சதுர அங்குலத்துக்கு எத்தனை நூல் என்கிற த்ரெட் கவுண்ட்டை வைத்து என்ன கதை வேண்டுமானாலும் சொல்லலாம், மாஸ்டர். 250 நூல் உள்ள துணியில் இரட்டைப் புரி நூல் போட்டிருந்தால், அதை இரண்டாக எண்ணி 500 என்று லேபிள் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் பெருக்கிச் சொல்வது வாங்குகிறவரை ஏமாற்றக்கூடும் என்று அமெரிக்க வர்த்தக ஆணைய அதிகாரிகளே 2005-இல் எழுதினார்கள். தையலில் அந்த வேலை நடக்காது. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்தக் கவர் ஓகே ஆகிவிட்டது. உங்கள் கை பட்ட பீஸில் ஒன்றுக்கு சீல் போட்டு வைப்பார்கள். நாளைக்கு லைனில் எத்தனை ஆயிரம் ஓடினாலும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் அதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். அங்குலத்துக்கு எத்தனை தையல், மூலை எவ்வளவு சரிவு எல்லாம் நீங்கள் வைத்ததுதான் கணக்கு. லைன் சூப்பர்வைசரை உங்களிடம் அனுப்புகிறேன், மூலை சரிப்பதை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். பேட்டர்னை மட்டும் கொடுத்தால் அவர்களுக்கு அது வராது.

அடுத்த சீசனுக்கு சாம்பிள் லிஸ்ட்டை நவம்பர் கடைசிக்குள் முடித்து உங்கள் கையில் கொடுக்கிறேன். அதற்கப்புறம் நானே வந்து கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கண்காட்சி முடிந்து பேசும் கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்று இன்னும் சொல்லவில்லை. மறுபடி கேட்பேன்.

சீல் போனது போக மீதி ஐந்து கவரை உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன். ஒன்றில் ஜிப் முனையில் தையல் விட்டிருக்கிறது. நான்கு நாளும் அத்தனை பேர் திறந்து திறந்து பார்த்தார்கள். அங்கே உறுதிக்கு இன்னொரு டேக் தையல் போட வேண்டுமா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
மெர்ச்சன்டைசிங்கிலிருந்து உங்கள் தம்பி