உப்புத் தூவினது போல

திருவையாறு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தொட்டி மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளி என்று மூன்று நாள் மருந்து போட்டாய், புள்ளி மறைந்தது, நிறுத்தினாய், ஐந்தாம் நாள் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது என்றாய். உன்னால்தான் என்று நினைக்காதே அம்மா. நம் கூடத்துத் தொட்டியில் நீ வளர்த்த நாலு கோல்ட்ஃபிஷ் போனதும் இப்படித்தான். மருந்தைப் பாதியில் நிறுத்தியது நான். குளிரில் செத்துப்போச்சு என்று அன்று உன்னிடம் சொன்னேன்.

முதலில் மீனை நல்ல வெளிச்சத்தில் பார். புள்ளிகள் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் விளிம்பிலும் மட்டும் இருந்தால் அது நோயே இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு வருவது. நீ சொன்னதோ வாலிலும் முதுகிலும் உப்புத் தூவினது போல. மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கவும் செய்கிறது என்றாய். அப்படியானால் வெண்புள்ளி நோய்தான். புதிதாக வாங்கின ஜோடியை நேராகத் தொட்டியில் விட்டாயே, அதோடு வந்திருக்கும். இனி எது வாங்கினாலும் மூன்று வாரம் தனித் தொட்டி.

அந்தப் புள்ளிக்குள் இருப்பது மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்கிற ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. தின்று முடித்ததும் தானாக உதிர்ந்து, அடியில் கல்லில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சாகப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்துகிற ஒன்றிரண்டு நாளில்தான் மருந்து வேலை செய்யும். நீ நிறுத்தியபோது புள்ளி உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். வயலில் கோரையை மேலாக அறுத்தால் கிழங்கு மண்ணுக்குள் கிடக்குமே, அந்த மாதிரி.

பெங்களூர் மார்கழிக் குளிரில் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுக்கும். ஹீட்டர் போட்டு, நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 28 வரை ஏற்று. சில நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும். அப்புறம் உப்பு. லிட்டருக்கு 3 கிராம், உன் 40 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். ஒரேயடியாகக் கொட்டாதே, 40 கிராமாகப் பிரித்து, மக்கில் கரைத்து, அரை நாளுக்கு ஒரு தடவை ஊற்று. அயோடின் சேர்க்காத கல்லுப்பு வேண்டும். போன தடவை அம்மா கொடுத்தனுப்பிய வேதாரண்யத்து உப்பு இருக்கிறதா? ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு வெறும் தண்ணீரே ஊற்று, உப்பு எங்கேயும் போகாது.

இரண்டு நாளுக்கொரு முறை அடிக்கல்லில் குழாய் வைத்து அழுக்கை உறிஞ்சி எடு. எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீரும் அதற்கான உப்பும். உன் குழாயில் வருவதும் நம் காவிரிதான், ஆனால் குளோரின் கலந்தது. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்று. பில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் அலசிவிடாதே. அம்மோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது.

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் இப்படியே விடு. நாளைக் காலையில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அப்பா