ஈயம் இல்லாத பீசோ பீங்கான்: விதிவிலக்கு இன்னும் எத்தனை காலத்துக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோலிலும் பெயின்டிலும் குடிநீர்க் குழாயிலும் கலந்திருந்த ஈயத்தைப் பற்றி நாளேடுகள் நிறைய எழுதியுள்ளன. நாம் அன்றாடம் கையாளும் மின்னணுக் கருவிகளுக்குள் இருக்கும் இன்னோர் ஈயச் சேர்மத்தைப் பற்றியோ பொதுவெளியில் பேச்சே எழுவதில்லை. அதைக் குறித்து எழுதவே இக்கடிதம்.

அழுத்தினால் மின்னழுத்தம் தருவதும், மின்னழுத்தம் கொடுத்தால் நுண்ணளவில் நீண்டு சுருங்குவதும் சில படிகங்களின் இயல்பு. 1880-இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டறிந்த இந்த அழுத்தமின் (பீசோ) விளைவு, இன்று கருவிலுள்ள சிசுவைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியிலும், கார் பின்னோக்கி வரும்போது எச்சரிக்கும் உணரியிலும், அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரிலும், கடலடியில் ஒலியால் துழாவும் சோனாரிலும் வேலை செய்கிறது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது, பி.இசட்.டி. என்று துறையினர் அழைக்கும் ஈய சிர்கோனேட் டைட்டனேட் பீங்கான். அதன் எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் ஈயமே.

கருவியைப் பயன்படுத்துபவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. இறுகிய பீங்கானாக இருக்கும்வரை ஈயம் எளிதில் வெளியேறுவதில்லை. ஆபத்து அதன் வாழ்நாளின் இரு முனைகளிலும் இருக்கிறது. ஈய ஆக்சைடு தூளைக் கலந்து, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் உலையிலிட்டுச் சுடும்போது ஈயத்தில் ஒரு பகுதி ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்டவே தயாரிப்பாளர்கள் தூளில் கூடுதலாக ஈயம் சேர்க்கிறார்கள். மறுமுனையில், கருவி பழுதாகித் தூக்கி எறியப்படும்போது, பிசினால் ஒட்டப்பட்ட அந்தச் சிறு பீங்கான் வில்லையைப் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் எவரும் முனைவதில்லை. பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஈயத்தால் அதிகம் பாதிக்கப்படுவதும் வளரும் குழந்தைகளின் மூளைதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் நடைமுறைப்படுத்திய விதி, மின்னணுக் கருவியிலுள்ள, முழுதும் ஒரே சீரான (ஒருபடித்தான) எந்தப் பொருளிலும் ஈயம் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. மின்பாகங்களை இணைக்கும் பற்றாசு மாறியது, வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த உலோகக் கலவை அந்த இடத்துக்கு வந்தது. பீசோ பீங்கானுக்கு மட்டும், மாற்று இல்லை என்ற காரணத்தால் தொடக்கத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டு, பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. அந்தக் காரணம் இப்போதும் முழுமையாகப் பொருந்துகிறதா என்பதே என் கேள்வி.

ஈயத்துக்கு மாற்று தேடுவது எளிதான வேலையன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிர்கோனியமும் டைட்டானியமும் ஏறத்தாழ 52-க்கு 48 என்ற விகிதத்தில் சேரும்போது, பி.இசட்.டி.யில் இரு வேறு படிக அமைப்புகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அந்த எல்லையில் உள்ளிருக்கும் மின் இருமுனைகள் (ஒரு முனை நேர், மறுமுனை எதிர் மின்னூட்டம் கொண்டவை) சிறு தூண்டுதலுக்கே திரும்பிவிடுகின்றன. வெப்பநிலை மாறினாலும் அந்த விகிதம் பெரிதாக இடம்பெயர்வதில்லை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த பொருள் அரிது. பி.இசட்.டி.க்கு முன்பு சோனாரில் பயன்பட்ட பேரியம் டைட்டனேட்டில் ஈயம் இல்லை. ஆனால் 120 டிகிரி செல்சியஸை ஒட்டியே அது தன் பண்பை இழந்துவிடும். 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பொட்டாசியம் சோடியம் நையோபேட்டில் லித்தியம், டாண்டலம், ஆன்டிமனி ஆகியவற்றைச் சேர்த்து, அதன் நுண்படிகங்களை ஒரே திசையில் வளர்த்து, நியூட்டனுக்கு 416 பிகோகூலும் என்ற அளவை (தரும் விசைக்கு எவ்வளவு மின்னூட்டம் கிடைக்கிறது என்பதன் கணக்கு) எட்டினார்கள். பி.இசட்.டி. வகைகள் பலவற்றுக்கு இணையான அளவு அது. 2009-இல் பேரியம் டைட்டனேட்டுடன் கால்சியமும் சிர்கோனியமும் சேர்ந்த பீங்கான் ஒன்று 620 பிகோகூலும் வரை தந்தது. ஆனால் 93 டிகிரியிலேயே அதன் பண்பு மறைந்துவிடும் என்பதால் காரின் எஞ்சினுக்கு அருகில் அதை வைக்க இயலாது. இத்தகைய கண்டுபிடிப்புகளைச் செய்தியாக்கும்போது உயர்ந்த எண்ணை மட்டும் தலைப்பில் இடாமல், எந்த வெப்பநிலை வரை அது நிலைக்கும் என்பதையும் தங்களைப் போன்ற இதழ்கள் கேட்டு எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஈயம் இல்லை என்பதாலேயே ஒரு பொருளைப் பசுமையானது என்று முடிவு செய்துவிடவும் கூடாது. 2016-இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு வாழ்நாள் மதிப்பீட்டு ஆய்வு, நையோபியத்தைத் தோண்டியெடுத்துப் பிரித்தெடுப்பதில் ஏற்படும் சுற்றுச்சூழல் சேதத்தால், பொட்டாசியம் சோடியம் நையோபேட்டின் மொத்தப் பாதிப்பு பல அளவுகோல்களில் பி.இசட்.டி.யினுடையதைவிட மிகுதி என்று கூறியது. துறையிலுள்ள பலரை இம்முடிவு சங்கடப்படுத்தியது, என்னையும்தான். ஈயத்துக்கு இன்னொரு மாற்றான, பிஸ்மத் சேர்ந்த பீங்கான்களிலும் ஒரு சிக்கல் உண்டு: பிஸ்மத்தின் பெரும்பகுதி, ஈயத் தாதுவைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் துணைப்பொருளே. இவற்றைக் காரணம் காட்டி ஆய்வை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈயத்தின் நச்சு வேறு, சுரங்கத்தின் சேதம் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறைக்காமல் இரண்டையும் தனித்தனியே கணக்கில் வைக்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே விலக்கு என்ற முறை மாற வேண்டும். கருவில் உள்ள குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் கருவிக்கு, இணையான மாற்று வரும்வரை ஈயம் தொடரட்டும். அங்கே தெளிவு குறைந்தால் நோயாளிக்கே இழப்பு. ஒலியெழுப்பும் சிறு பஸ்ஸர், லைட்டர், பொருள்களைத் துலக்கும் அல்ட்ராசவுண்ட் தொட்டி போன்றவற்றுக்கு இவ்வளவு துல்லியம் தேவையில்லை. அதிக வெப்பமும் அவற்றை அடைவதில்லை. பிஸ்மத் சோடியம் டைட்டனேட், பேரியம் டைட்டனேட் வகைகளால் இவற்றில் பலவற்றை இன்றே செய்ய முடியும். எண்ணிக்கையில் மிகுந்து, விரைவில் குப்பைக்குப் போகும் பொருள்களும் இவைதான். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கெடு விதித்து, இவற்றிலிருந்து விலக்கைத் திரும்பப் பெறத் தொடங்கினால், தொழிற்சாலைகளுக்குப் புதிய பீங்கானைச் சுட்டுப் பழக வாய்ப்புக் கிடைக்கும். உற்பத்தி பெருகும்போது விலையும் குறையும். விலக்கு தொடரும் கருவிகளில், உள்ளே ஈயப் பீங்கான் இருக்கும் இடத்தை உறையின் மீதே குறித்து, பழுதானபின் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளரிடமே விட வேண்டும்.

இப்படிக்கு,
பொருளறிவியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்