கிலுகிலுப்பைப் பாம்பு பாலைவனத்துக்கு மட்டும் உரியதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றி வெளியான குறிப்பை என் பேத்தி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அது பாலைவனத்துப் பாம்பு என்றும், வாலிலுள்ள வளையங்களை எண்ணினால் வயது தெரிந்துவிடும் என்றும், மனிதரைக் கண்டால் துரத்தி வந்து கடிக்கும் என்றும் அதில் இருந்தது. பல ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவன் நான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தப் பாம்புகளுள் ஒன்றை அது வாழும் இடத்திலேயே பார்த்தும் இருக்கிறேன். ஆகவே இந்த மூன்று செய்திகளையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கிலுகிலுப்பைப் பாம்பு என்பது ஒரே பாம்பின் பெயரன்று. கனடாவின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினா வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஏறத்தாழ மூன்று டஜன் இனங்களுக்கு அது பொதுப் பெயர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள குழிவிரியன்களுக்கு அவை உறவுமுறை; கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி இரண்டுக்கும் உண்டு. அவற்றுள் பாலையில் வாழ்பவை உண்டு, புல்வெளியிலும் சதுப்பிலும் வாழ்பவை உண்டு. மலையை விட்டு இறங்காதவையும் உண்டு. நான் பார்த்தது இந்தக் கடைசி வகை. அதன் மூக்கின் மேல்விளிம்பிலுள்ள செதில்கள் வரப்பு கட்டியதுபோல மேல்நோக்கி எழும்பியிருப்பதால் அங்குள்ளவர்கள் அதை ‘ரிட்ஜ்-நோஸ்டு ராட்டில்ஸ்நேக்’ என்கிறார்கள். நாம் வரப்புமூக்குக் கிலுகிலுப்பைப் பாம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அரிசோனாவிலுள்ள டூம்ஸ்டோன் ஊரைச் சேர்ந்த பிராங்க் வில்லார்ட் பிடித்துக் கொடுத்த பாம்பைக் கொண்டு 1905-இல் இந்த இனம் அறிவியலுக்கு அறிமுகமானது. அதனால்தான் குரோட்டலஸ் வில்லார்டி என்ற பெயர். முழு வளர்ச்சியடைந்த பாம்பே இரண்டடி நீளத்தைத் தாண்டுவது அரிது.

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையிலும், நியூ மெக்சிகோவின் தென்மேற்கிலும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவிலும் உள்ள மலைகளில் இது வாழ்கிறது. கீழே கள்ளியும் முட்புதரும் நிறைந்த வறண்ட சமவெளி. அதன் நடுவே ஆங்காங்கே தனித்தனியாக எழும் மலைகள். ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலே ஏறினால் ஓக் மரங்களும், இன்னும் உயரத்தில் பைன் மரங்களும் வந்துவிடுகின்றன. வறண்ட நிலம் கடலாகவும் காடு தீவாகவும் நிற்கும் இந்த அமைப்பை ‘வானத்தீவுகள்’ என்று அழைக்கிறார்கள். நீலகிரி, பழனி மலைகளின் உச்சியிலுள்ள சோலைக்காடுகளுக்கும் ஆய்வாளர்கள் இதே பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள் என்பதால் நம் வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். பனியுகத்தில் அந்த ஓக் காடுகள் இன்னும் தாழ்வான இடங்கள் வரை இறங்கிப் பரவியிருந்தன. பின்னர் பூமி வெப்பமடைய, காடு மேலே மேலே ஒதுங்கியது. காட்டை நம்பியிருந்த பாம்பும் அதனுடனேயே ஏறியது. இன்று அரிசோனாவிலேயே ஹுவாச்சூகா மலையிலுள்ள பாம்பு சாண்டா ரீட்டா மலைக்குப் போக வேண்டுமானால் தன்னால் வாழ முடியாத வெம்மையான சமவெளியைக் கடந்தாக வேண்டும். அது கடப்பதில்லை. இப்படிப் பிரிந்து கிடந்ததன் விளைவாகவே அரிசோனாப் பாம்பின் முகத்தில் சுண்ணாம்பு தீற்றியதுபோன்ற வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று இருக்க, நியூ மெக்சிகோவின் அனிமாஸ் மலையிலுள்ள அதே இனப் பாம்பில் அவை மங்கிப்போயிருக்கின்றன.

நான் அதைப் பார்த்தது ஓர் ஆகஸ்டு மாதக் காலையில். அங்கும் ஜூலையில் பருவமழை தொடங்கிவிடும். முதல் நாள் மாலை பெய்த மழையில் ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. உடன் வந்த உள்ளூர் நண்பர் சட்டென்று நின்று, எட்டடி தள்ளி ஓக் சருகுகள் குவிந்திருந்த ஓர் இடத்தைக் கையால் காட்டினார். எனக்குச் சருகுதான் தெரிந்தது. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தபிறகே அந்தச் செம்பழுப்புச் சருகுகளுள் ஒன்றின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடுவதும், அதற்கு மேலே ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதும் புலப்பட்டன. உடலின் குறுக்கே ஓடிய வெளிர்ப்பட்டைகள் காய்ந்த இலைகளின் விளிம்புகளாகவே தோன்றின. நாங்கள் பத்து நிமிடம் அங்கே நின்றோம். அது சீறவில்லை, வாலை ஆட்டவில்லை, இருந்த இடத்தைவிட்டு அசையவும் இல்லை. கண்ணில் படாமல் இருப்பதே இந்தப் பாம்பின் முதல் தற்காப்பு. அது குலைந்து, மிக நெருக்கத்தில் ஆபத்து வந்தால்தான் கிலுகிலுப்பு. துரத்தி வந்து கடிக்கும் என்று குழந்தைகளுக்குச் சொல்வது தவறு. அது நச்சுப்பாம்பு என்பதும், எட்டவே நிற்க வேண்டும் என்பதும் உண்மை. அதை மட்டும் சொன்னால் போதும்.

வளையக் கணக்குக்கு வருகிறேன். கிலுகிலுப்பை என்பது நம் நகத்திலுள்ள அதே கெரட்டின் பொருளாலான கண்ணிகளின் கோவை. குட்டி பிறந்து முதல் முறை சட்டை உரித்ததும் வால் நுனியில் பொத்தான் போன்ற ஒரே ஒரு கண்ணி நிற்கும். தட்டுவதற்கு இன்னொன்று இல்லாததால் அதில் ஒலி எழாது. அதன்பின் ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு கண்ணி கூடும். நன்றாக இரை கிடைத்தால் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறையும் சட்டை உரியும். பாறை இடுக்குகளில் புகுந்து புறப்படுகையில் நுனிக் கண்ணிகள் ஒடிந்தும் விழும். ஆகவே கண்ணிகளை எண்ணி வயதைச் சொல்வது இயலாத காரியம். மலையில் வாழும் இந்தச் சிறிய பாம்பின் கிலுகிலுப்பையோ அளவில் மிகச் சிறியது. அதன் ஒலியை ஏதோ பூச்சியின் இரைச்சல் என்று எண்ணிக் கடந்துபோகலாம்.

இதன் உணவில் முள் போன்ற செதில்களையுடைய மலை ஓணானுக்கு முக்கிய இடம். பெரிய பாம்புகள் எலிகளையும் சிறு பறவைகளையும் பிடிக்கின்றன. இளம் பாம்புகள் ஓணானோடு பூரானையும் தின்கின்றன. நம்மூரில் பூரானைக் கண்டாலே விலகி ஓடும் நமக்கு, விரல் தடிமனில்கூட இல்லாத ஒரு பாம்புக்குட்டி அதைப் பிடித்து விழுங்குவது வியப்பாகத்தான் இருக்கும்.

நம் கண்ணாடி விரியனைப் போல இதுவும் குட்டி போடும் பாம்பு. ஓர் ஈற்றில் இரண்டு முதல் ஒன்பது குட்டிகள் வரை பிறக்கும். குளிர்ந்த மலையில் முட்டையை மண்ணில் இட்டுவிட்டுச் சூட்டுக்குக் காத்திருப்பதைவிட, குட்டிகளை வயிற்றில் சுமந்தபடி வெயில் விழும் பாறைக்குத் தானே நகர்ந்து சென்று குளிர்காய்வது தாய்க்கு வசதியானது. விரியன் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்று நம் கிராமங்களில் சொல்வதுண்டு. அதில் உண்மையில்லை. கிலுகிலுப்பைப் பாம்புகள் பலவற்றில் தாய் பிரசவத்துக்குப் பின் குட்டிகள் முதல் சட்டையை உரிக்கும்வரை சில நாட்கள் அவற்றுடனேயே தங்கியிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது இதன் எதிர்காலம். அரிசோனா மாநிலம் 1986-இல் இதைத் தன் மாநில ஊர்வனவாக அறிவித்தது. அனுமதியின்றிப் பிடிக்கத் தடையும் உண்டு. நியூ மெக்சிகோவில் வாழும் கிளையினத்தை அமெரிக்க அரசு 1978-இலேயே அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இருந்தும் அரிய பாம்பைச் சொந்தமாக வைத்துக்கொள்ள விரும்புவோர் மலையேறி வருகிறார்கள். அவர்கள் பாறைகளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனால், பாம்பு பிடிபடாமல் தப்பினாலும் அது ஒளிந்திருந்த இடுக்கு பாழாகிவிடுகிறது. காட்டுத்தீ இன்னொரு பெருந்துன்பம். மழைக்கு முன் மின்னல் விழுந்து சருகை மட்டும் எரித்துச் செல்லும் சிறு தீ அந்த மலைகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் ஒவ்வொரு தீயையும் உடனுக்குடன் அணைத்து வந்த நெடுங்காலத்தில் காட்டில் எரிபொருள் குவிந்து, இப்போது மரங்களின் உச்சிவரை பற்றும் பெருந்தீ மூள்கிறது. 2011-இல் ஹுவாச்சூகா மலையில் அப்படியொரு தீ பரவியது. அதற்கும் மேலாக வெப்பநிலை உயர்ந்துகொண்டே வருகிறது. பனியுகத்துக்குப் பின் காட்டோடு மேலே ஏறித் தப்பிய பாம்புக்கு இனி ஏறுவதற்கு மலை மிச்சமில்லை. ஒரு மலையில் அது அழிந்துபோனால் பக்கத்து மலையிலிருந்து வந்து குடியேறவும் ஆளில்லை.

சிறுவர் பக்கத்தின் அடுத்த இதழில் இத்திருத்தங்களை வெளியிட வேண்டுகிறேன். வாய் பிளந்து சீறும் பாம்பின் படத்துக்குப் பதிலாகச் சருகுகளில் சுருண்டிருக்கும் இந்தப் பாம்பின் படத்தை வெளியிட்டு, ‘பாம்பு எங்கே, கண்டுபிடியுங்கள்’ என்று கேட்டால் குழந்தைகள் மகிழ்வார்கள். ஆனால் அந்தப் படம் எந்தப் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டது என்பதை மட்டும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். நான் பார்த்த இடத்தின் பெயரை இக்கடிதத்தில் எழுதாமல் விட்டதும் அதற்காகவே.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தென்காசி.